பொருநையின் பின்னால் ஒரு புரட்டாசி நடை

வியாழன், நெல்லை டவுன்

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்த பிறகு நெல்லைப் பக்கம் யாராவது போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். அருவி பார்க்கப் போகவில்லை, ஆறு பார்க்கப் போகிறேன் என்றேன். கும்பகோணத்துக்காரனுக்கு ஆறு பார்க்க ஊர் விட்டு ஊர் போக வேண்டுமா என்று அடுத்த கேள்வி. நியாயம்தான். ஆனால் எங்கள் காவிரி குடகில் பிறந்து, கர்நாடகத்தில் கணக்கு தீர்த்து, மேட்டூரில் மதகு திறந்தால்தான் எங்கள் ஊருக்கு வரும். பொருநை என்கிற தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி முடிக்கிற ஆறு. நீளம் சுமார் 128 கிலோமீட்டர். பாபநாசம் பக்கத்து மேல்பாதியை எல்லாரும் பார்க்கிறார்கள். நான் டவுனில் ஆரம்பித்துக் கீழே கடல்வரை போவதாகத் திட்டம். தங்கல் பாளையங்கோட்டையில், கல்லூரி நண்பன் வீட்டில்.

விடியும்போது பஸ் கயத்தாறு தாண்டிக்கொண்டிருந்தது. காற்றாலைகளில் பாதி சும்மா நின்றன. ஆனி ஆடியில் கணவாய் வழியே ஆளைத் தள்ளும் காற்று இப்போது அடங்கிவிட்டது. வடகிழக்குப் பருவமழை இன்னும் வரவில்லை. இந்த இடைவெளிதான் புரட்டாசி. "பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று சும்மாவா சொன்னார்கள். பொன்னுருகும் பாகம் காலை எட்டு மணிக்கே ஆரம்பம். வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

வெயில் தாழ்ந்தபின் நெல்லையப்பர் கோயில். நவராத்திரிக் கூட்டம் காந்திமதி அம்மன் சந்நிதியில் நெரிந்தது. சுவாமி கோயிலும் அம்மன் கோயிலும் தனித்தனி. இரண்டையும் சேர்ப்பது சங்கிலி மண்டபம், 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. நீளமான மண்டபம். உள்ளே வெளிச்சம் குறைவு, கல் குளிர்ச்சி. வெளியே வெந்துவிட்டு வந்தவனுக்கு முதல் தரிசனம் அந்தக் குளிர்ச்சிதான். இசைத்தூண்களைக் கண்டவர்களெல்லாம் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்தே தேய்த்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் யாரும் கேட்காமலே மூன்று தூண்களைத் தட்டி மூன்று சுரம் காட்டினார், காசும் வாங்கவில்லை. பின்பக்கம் தாமிர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. செப்புக் கூரையைவிட அதைத் தாங்கும் மர வேலைப்பாடு முன்னாலேயே எனக்கு ரொம்ப நேரம் போய்விட்டது.

கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள், திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும். சம்பா கோதுமையை ஊறப்போட்டு அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுவதுதான் எல்லாக் கடையிலும் முறை. மிச்ச ருசிக்கு ஊர்க்காரர்கள் ஆற்றுத் தண்ணீரைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கை. மீதிப் பாதி, சூடாக உடனே தின்பதில் இருக்கிறது. நூறு கிராம் கையில் வாங்கியதும் விரல்களுக்கிடையே நெய் இறங்கி மணிக்கட்டுவரை வந்தது. மெல்ல வேலையே இல்லை. தித்திப்புத் திகட்டும் நேரம் பார்த்து நண்பன் ஒரு பிடி மிக்சரை நீட்டினான். "இத போடு, அப்பத்தான் இன்னொரு நூறு உள்ள போவும்." போயிற்று.

வெள்ளி, ஆற்றங்கரையும் பாளையங்கோட்டையும்

காலை ஆறு மணிக்குக் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முழுகும். அதற்குள் உற்சவரைக் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையில் செதுக்கியவர், தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வெள்ளம் வடிந்ததும் கழுவி விட்டுப் பூஜை தொடரும். 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தில் எங்கே வரை தண்ணீர் நின்றது என்று துவைத்துக்கொண்டிருந்த ஆச்சியிடம் கேட்டேன். கையை நெற்றிக்கு மேல் தூக்கினார், பிறகு பத்தாது என்று பின்னால் திரும்பி மண்டபத்துக் கூரையைக் காட்டினார்.

இப்போது தண்ணீர் இடுப்பளவு. இறங்கினேன். மேல்மட்டம் வெதுவெதுப்பு, கீழே கால் பட்ட இடத்தில் சில்லென்று இருந்தது. குஞ்சு மீன்கள் வந்து காலைக் கொத்தின. புரட்டாசியில் ஆற்றில் இத்தனை தண்ணீர் தெளிவாக ஓடுவதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் பொறாமை கொக்கிரகுளம் போகும்வரைதான் தாங்கியது. அங்கே கரையோரம் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடிக் கிடக்கிறது. ஊருக்குள்ளிருந்து வரும் சாக்கடை எந்த இடத்தில் கலக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். குடிக்க, குளிக்க, கும்பிட என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆறு, கொட்டுவதற்கும் அதே ஆறு. பக்கத்து ஊரையோ பக்கத்து மாநிலத்தையோ குறை சொல்ல இங்கே வழியில்லை. முழுப்பொறுப்பும் நமக்குத்தான்.

சுலோசன முதலியார் பாலத்தில் நடந்து தாண்டினோம். ஒரு காலத்தில் பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே படகுதான். பாலம் கட்ட வேண்டும் என்று கலெக்டர் தாம்சன் காலத்தில் முடிவானபோது ஆன செலவு 50,000 ரூபாய். ஜனங்களிடம் வசூலிக்க யோசித்தார்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், வசூல் வேண்டாம் என்று மொத்தத்தையும் தன் கையிலிருந்து கொடுத்தார். 1843-ல் திறந்த பாலம். பதினோரு வளைவுகள். மேலே டவுன் பஸ் போகும்போது கைப்பிடிச் சுவர் லேசாக அதிர்கிறது. ஒரு அரசாங்க ஊழியர் சொந்தக் காசில் பாலம் கட்டியதை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால், அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். நண்பனும் கேட்டான். குடும்பமே வசதியானது, மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்தார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு.

பாலத்துக்குப் பக்கத்திலேயே கலெக்டர் ஆபீஸ். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலிக்காக ஊர்வலமாக வந்தது இங்கேதான். தடியடியில் ஆற்றுக்குள் ஓடினார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. நண்பன் அப்போது ஐந்தாம் வகுப்பு. அன்றைக்குப் பள்ளியைப் பாதியில் விட்டார்கள் என்பது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த இடத்தில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

மத்தியானம் அவன் வீட்டில் சோதி. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் வைப்பது, இப்போது விருந்தாளி வந்தாலே வைக்கிறார்கள். தேங்காயை மூன்று தடவை பிழிந்து மூன்று பால். மூன்றாம் பாலில் காய் வேகும். முருங்கை, பீன்ஸ், கேரட், உருளை, கூடவே வெந்த பாசிப்பருப்பு. இரண்டாம் பால் அதன்மேல். முதல் பால் கடைசியில், கொதிக்க விடாமல். நுரைக்கும்போதே இறக்கிவிட வேண்டும். ஆறினபின் எலுமிச்சை. அம்மா அடுப்படியை விட்டு நகரவே இல்லை, கண்ணெல்லாம் பால் விளிம்பில். "முதப்பால் கொதிச்சிட்டா திரிஞ்சு போவும் தம்பி. அப்புறம் அது சோதி இல்ல, சும்மா தேங்காப்பால் கொழம்பு." தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். நான் மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது, "நல்லாச் சாப்பிடுதீங்க, ஆனா இஞ்சியத் தொட்டுக்கிடுங்க, இல்லன்னா வயிறு மந்தமாயிரும்" என்றார். மந்தமாகத்தான் ஆயிற்று. நாலு மணிவரை தூக்கம்.

சாயங்காலம் பாளையங்கோட்டை. 1820-ல் வந்து சேர்ந்த மிஷனரி இரேனியஸ் ஐயர் தொடங்கி வைத்த பள்ளிக்கூட வழக்கம் இன்னும் தெருவுக்குத் தெரு தெரிகிறது. எந்தச் சுவரைத் தாண்டினாலும் ஒரு பள்ளியோ கல்லூரியோ. ஆனால் இந்த வாரம் ஊர் அம்மன்களுடையது. ஆயிரத்தம்மனில் ஆரம்பித்து ஒவ்வொரு தெரு அம்மனுக்கும் தினம் ஒரு அலங்காரம். தசரா முடிவில் எல்லா அம்மன் சப்பரங்களும் ராத்திரி முழுக்கச் சுற்றி வந்து ஒன்றாக அணிவகுத்து நிற்கும், எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம் நடக்கும். நான் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். நண்பனுக்கு அதில் என்மேல் வருத்தம். மைசூருக்குப் போகிறவர்கள் இங்கே வரலாமே என்பது அவன் கட்சி.

சனி, ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி

புரட்டாசிச் சனிக்கிழமை நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். ஒரே பகலில் ஒன்பது பெருமாளையும் பார்த்துவிட்டு வரலாம். அது தரிசனம் இல்லை, பந்தயம். ஒவ்வொரு கோயிலிலும் டிரைவர் ஹாரன் அடிக்கும்வரைதான் பெருமாள். நான் திருச்செந்தூர் போகிற சாதாரண பஸ்ஸில் ஏறினேன்.

ஏறியது நல்லதாயிற்று. செய்துங்கநல்லூரில் காளி ஏறினாள். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் கட்டின பையன். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். முகம் முழுக்கக் கருநீலம், கிரீடம், தொங்கும் தகர நாக்கு, முதுகில் கட்டின மரக்கைகள். அந்தக் கைகளால் சாய்ந்து உட்கார முடியாது. அதனால் சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றான். பஸ்ஸில் இருந்த பாட்டி ஒருத்தி எழுந்து அவன் தட்டில் பத்து ரூபாய் போட்டுக் கும்பிட்டாள், அவன் பொட்டலத்திலிருந்து குங்குமம் எடுத்து அவள் நெற்றியில் வைத்தான். அவனைவிட மூன்று மடங்கு வயசான கண்டக்டர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "ஆத்தா, எங்க எறங்கணும்?" என்றார். "குரும்பூருங்க" என்றாள் காளி, உடைந்த ஆண்குரலில். வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கொண்டுபோய்க் கோயிலில் சேர்க்க வேண்டும், விரதம் முடியும்வரை செருப்பு கிடையாது என்றான். இந்த வெயிலில், தார் ரோட்டில்.

ஆதிச்சநல்லூரில் இறங்கினேன். 114 ஏக்கர் மேட்டு நிலம், சரளைக்கல், உடைமரம். ஆற்றின் தென்கரை. வயலாகக்கூடிய மண் ஒரு பிடியும் வீணாகாமல், எதுவும் விளையாத பரம்பைப் பார்த்துச் செத்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 1876-ல் ஜெர்மன்காரர் யாகோர் வந்து தோண்டி எடுத்தது பெர்லின் போயிற்று. பிறகு தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலமும் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. ஊருக்கு மிச்சமானது பரம்பு மட்டும்தான். இப்போது தோண்டின குழியின்மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்தில் இருந்தபடியே காட்டுகிறார்கள். கண்ணாடிக்குக் கீழே வரிசையாக வாய் உடைந்த முதுமக்கள் தாழிகள், சில ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தவை. கண்ணாடிமேல் நடக்க ஒரு சின்னப் பெண் மறுத்துவிட்டாள். "மிதிச்சா அவங்களுக்கு வலிக்கும்" என்றாள். அப்பா தூக்கிக்கொண்டு தாண்டினார். என் காலும் கொஞ்சம் தயங்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரானைப் பார்க்க வரிசை கோபுரம் தாண்டி வெளியே நின்றது. நான் அணைக்கட்டுக்குப் போனேன். ஆற்றில் மொத்தம் எட்டு அணைக்கட்டு, ஏழு பழையவை. கடைசியான இது ஆங்கிலேயர் காலத்தில் 19-ம் நூற்றாண்டில் கட்டியது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய் பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. குளத்துப் பாசனம் போக, தொழிற்சாலைக்கும் இங்கிருந்து தண்ணீர் எடுப்பதில் விவசாயிகளுக்குக் கோபம் உண்டு. டீக்கடையில் அதைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், அரைமணி நேரத்துக்குக் கவலையில்லை. கார் பருவ நெல் அறுப்பு முடிகிற நேரம். சில வயலில் இயந்திரம் இறங்கியிருந்தது, சிலதில் அடுத்த பருவமான பிசானத்துக்கு உழவு.

டீக்கடைக்காரரிடம் 2023 வெள்ளத்தைக் கேட்டேன். டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. சென்னை போக வேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு இந்த ஸ்டேஷனில் நின்றுபோயிற்று. தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப் போனது. பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். "எங்க வீட்டுலயும் தண்ணிதான். கோயில்ல வெச்சுப் பொங்குனோம். வந்தவுகளப் பட்டினி போட முடியுமா?" என்றார். பேச்சு அதோடு வெங்காய விலைக்குப் போய்விட்டது.

ஆழ்வார்திருநகரியில் சாயங்காலம். நம்மாழ்வார் பொந்தில் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் உறங்காப் புளிமரம். இலை ராத்திரியிலும் மூடாது என்பது நம்பிக்கை; அதைச் சோதிக்கும் அளவுக்கு நான் காத்திருக்கவில்லை. அடிமரம் உள்ளே கோறையாகி, சுற்றிக் கட்டின மேடைமேல் சாய்ந்து நிற்கிறது. உச்சியில் மட்டும் பச்சை, துளிர் வேறு.

ஞாயிறு, கொற்கை, ஆத்தூர், புன்னைக்காயல்

நண்பனின் பைக்கில் காலையிலேயே கிளம்பினோம். ஏரல் தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழை. சாய்ந்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கம்பு. உள்ளே திரும்பினால் கொற்கை.

பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். சங்கப் பாட்டில் வரும் ஊர். கிரேக்க மாலுமிகள் கொல்கோய் என்று எழுதி வைத்த ஊர். தண்டனை பெற்ற கைதிகளை இறக்கி முத்துக் குளிக்கவைத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்று கொற்கையில் நின்றால் கடல் வாசனைகூட வராது. கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இருப்பது குளம், வயல், வெற்றிவேல் அம்மன் கோயில், தரையோடு சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய வன்னிமரம். கால்டுவெல் ஐயர் 1877-ல் இங்கே தோண்டிப் பார்த்தபோதும் இதே வயல்வெளிதான். மரத்தடியில் மூன்று பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். துறைமுகம் எங்கே இருந்தது என்று கேட்டதற்கு ஒருவர் சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல், "நீங்க நிக்கிற இடந்தான்" என்றார்.

எந்தப் படையும் வந்து கொற்கையை அழிக்கவில்லை. ஆறு மலையிலிருந்து வண்டல் கொண்டுவந்து வாயில் கொட்டக் கொட்ட, கடல் பின்வாங்கியது. துறைமுகம் கடலைத் தேடிக் கீழே நகர்ந்து காயல் ஆயிற்று. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்தபோது, ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலில் நின்றன. பிறகு காயலுக்கும் அதே கதி. அதன் பேரே பழையகாயல் ஆகிவிட்டது. இப்போது அதைச் சுற்றி உப்பளம். மழை வருவதற்குள் வாரிவிட வேண்டும் என்று பாத்தி பாத்தியாக உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் சுட்டது. எந்த வேலைக்கும் சம்பளம் பத்தாது என்பார்கள், இதற்கு நிஜமாகவே பத்தாது.

நடுவில் ஆத்தூரில் ஒரு நிறுத்தம், வெற்றிலைக்காக. தென்கால் தண்ணீரில் கொடிக்கால்கள். வரிசையாக அகத்தி, அதைப் பற்றி ஏறும் கொடி. உள்ளே நுழைந்ததும் வெயில் பாதியாகிறது, மண் ஈரமாகக் காலில் ஒட்டுகிறது. கிள்ளுகிறவர் கட்டைவிரலில் தகர நகம் மாட்டியிருந்தார். காம்போடு கிள்ளி, இலையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் தடவியே தரம் பிரித்தார்; பெரிசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விலை கூடியதா என்று கேட்டேன். "பேரு கூடிருக்கு" என்றார். எங்கள் ஊர்க் கும்பகோணம் வெற்றிலையைவிடக் காரம் ஜாஸ்தி. இதை ஊரில் சொல்ல மாட்டேன்.

மூன்று மணிக்குப் புன்னைக்காயல். 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இந்தக் கரையில் காலூன்றின ஊர்களில் ஒன்று. 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் முதல் புத்தகம் அச்சேற்றிய சேசுசபைப் பாதிரியார் அன்றிக் அடிகளார் பல காலம் வாழ்ந்து 1600-ல் இறந்ததும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் வழக்கமில்லை என்பதால் படகெல்லாம் கரையில். ஆறு அகலமாக, அவசரமே இல்லாமல் வருகிறது. ஓரமெல்லாம் அலையாத்திச் செடி, சேற்றில் நண்டு வளை. பூம்புகாரில் காவிரி வாய்க்காலளவு இளைத்துக் கடலில் நுழைவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஆறே இல்லை, ஏரி. ஆனால் கடல் சேரும் இடத்தில் பார்த்தால் நடுவாயில் மணல் திட்டு, அதன்மேல் கொக்குகள். ஆழம் இருக்கும் வழி ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கிறது.

வலைக்குவியல்மேல் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி வழியைக் கைகாட்டினார். "இந்த வருசம் அங்கன இருக்கு. போன வருசம் இங்கன இருந்துச்சு. வெள்ளம் வந்தா அறுத்துக்கிட்டுப் போவும், கோடையில திரும்ப அடைச்சிரும். தண்ணி வத்துன நேரத்துல வந்தா தரை தட்டும், ஏறுற வரைக்கும் வெளிய காத்துக் கெடக்கணும். தோண்டித் தாங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கோம்." கொற்கையும் காயலும் போன கதையை நண்பன் எடுத்துவிட்டான். அவருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. "அதுக்கு ரொம்ப நாளு ஆவும் தம்பி. எங்களுக்கு நாளைக்குக் காலையில மூணு மணிக்குப் படகு வெளிய போகணும்" என்றார்.

மீன் கிடைக்குமா என்று கேட்டேன். "புரட்டாசி விரதம் உங்களுக்கு, வெலை எறங்கிப் பட்டினி எங்களுக்கு" என்று சிரித்தார். நாளைக்கு வந்தால் பாறை மீன் தருவதாகச் சொன்னார். நாளைக்கு நான் கும்பகோணத்தில். நண்பன் வீட்டிலோ புரட்டாசி முடியும்வரை மீன் வாசல் ஏறாது. ஆத்தூர் வெற்றிலை நாலு கவுளி, அல்வா இரண்டு கிலோ, நண்பனின் அம்மா கட்டிக் கொடுத்த இஞ்சித் துவையல் ஒரு டப்பா. ஒன்பதரைக்கு பஸ். ஏ.சி. இருக்கிறது என்று சொல்லித்தான் டிக்கெட் போட்டார்கள், பார்ப்போம்.